சத்திரத்துத் திண்ணை யாருடையது?

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், ஆண்டகளூர்க் கேட்டைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றால் புதுச்சத்திரம் வரும். சாலையின் இருபுறமும் குச்சிக்கிழங்குக் காடுகள். இடையிடையே கோழிப் பண்ணைகள். வழிப்போக்கர்கள் இறங்கி இளைப்பாறிய சத்திரத்தின் நினைவை ஊரின் பெயரே சுமந்துகொண்டிருக்கிறது. சத்திரம் என்றால் திண்ணை இருக்கும். திண்ணை என்றால் பேச்சு இருக்கும். எந்த ஊரில் மழை பெய்தது, எந்தச் சந்தையில் மாடு விலை ஏறியது என்பதெல்லாம் அங்கே கைமாறும்.

மாணவ நண்பர்களே, இப்போது ஒரு கற்பனை செய்வோம். புதுச்சத்திரத்து மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர், தங்கள் ஊர்க் கிணறுகளில் மாதந்தோறும் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவுகளை ஓர் இணையதளத்தில் வெளியிடுகிறார்கள். ஏளூரிலும் களங்காணியிலும் திருமலைப்பட்டியிலும் உள்ளவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கிணற்றைப் பற்றியும் கீழே எழுத வேண்டும். அப்படி எழுதுவதற்கு ஒரு மறுமொழிப் பெட்டி தேவை. அது இணையத்தில் போடப்படும் திண்ணை.

பெட்டி போடுவது பெரிய காரியமா என்று கேட்பீர்கள். இல்லைதான். விலையில்லாமல் கிடைக்கும் மென்பொருள்களே பல உள்ளன. ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் மாணவர்களுக்கு அந்த மறுமொழிகள் வெறும் பாராட்டுகள் அல்ல. "எங்கள் கிணற்றில் 60 அடியில் தண்ணீர்" என்று ஒருவர் எழுதினால் அது ஓர் அறிவியல் பதிவு. பத்து ஆண்டு கழித்தும் அது இருக்க வேண்டும்.

மறுமொழி ஒரு மரம்

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒருவர் எழுதுகிறார்: "புதுச்சத்திரத்தில் 20 அடியிலேயே தண்ணீர், ஆனால் உப்பு." மாணவர்கள் திகைக்கிறார்கள். நம் ஊரில் அவ்வளவு மேலே தண்ணீர் ஏது? "ஐயா, எந்தப் புதுச்சத்திரம்?" என்று ஒரு மாணவி பதில் கேட்கிறாள். "கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, ரயில் நிலையம் இருக்கிறதே, அந்த ஊர், அம்மா" என்று பதில் வருகிறது. குழப்பம் தீர்ந்தது. கடலோர ஊரின் தண்ணீர் உப்புக் கரிப்பதில் வியப்பில்லை.

இந்த மூன்று வாக்கியங்களும் அடுத்தடுத்து இருந்தால்தான் பொருள் விளங்கும். நடுவில் வேறு நாற்பது பேர் எழுதியிருந்தால்? அதற்காகத்தான் கணிப்பொறி ஒவ்வொரு மறுமொழிக்கும் இரண்டு எண்களைக் கொடுக்கிறது. ஒன்று அதன் சொந்த எண்; மற்றொன்று அது யாருக்குப் பதிலோ அதன் எண், அதாவது தாய் எண். உப்புத் தண்ணீர்ச் செய்தி 17, தாய் இல்லை. மாணவியின் கேள்வி 58, தாய் 17. அதற்கு வந்த விடை 61, தாய் 58. இந்த எண்களைக் கொண்டு கிளை கிளையாகப் பிரியும் ஒரு மரத்தை வரைந்துவிடலாம். தேதியும் எழுதியவர் பெயரும் உடன் சேர்த்தால் மறுமொழி மென்பொருளின் எலும்புக்கூடு தயார். மற்றவை எல்லாம் தோலும் சட்டையும்தான்.

இந்த மரத்தை எண்களே இல்லாமல் கையாலேயே வளர்த்த இடம் ஒன்று உண்டு. அது தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கி, ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டி வளர்ந்த கலைக்களஞ்சியம் அது. 2017இல் தமிழகப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு அதில் எழுதப் பயிற்சி அளிக்கப்பட்டது; உங்கள் ஆசிரியரும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. கட்டுரையில் பிழை கண்டவர் அங்கே எழுதுவார். பதில் சொல்பவர் தம் வரியின் முன்னால் ஒரு முக்காற்புள்ளி இடுவார். உடனே வரி சற்று உள்ளே தள்ளி நிற்கும். அதற்கும் பதில் என்றால் இரண்டு முக்காற்புள்ளிகள். கடைசியில் நான்கு அலைக்குறிகளை இட்டால் பெயரும் நேரமும் தாமே பதிந்துவிடும். அவ்வளவுதான் ஏற்பாடு! அதை இயக்கும் மீடியாவிக்கி என்ற மென்பொருள் திறந்த மூல வகையைச் சேர்ந்தது.

இது புதியவர்களுக்குக் கடினமாக இருக்கிறது என்று எண்ணி, விக்கிமீடியா நிறுவனம் 2013 வாக்கில் 'ஃப்ளோ' என்ற புதிய உரையாடல் மென்பொருளைச் செய்யத் தொடங்கியது. அழகான பெட்டிகள், ஒழுங்கான கிளைகள், எல்லாம் அதில் இருந்தன. ஆயினும் பழகிய எழுத்தாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பழைய பக்கத்தில் யாரும் எதையும் நகர்த்தலாம், அட்டவணை போடலாம், சுருக்கி வைக்கலாம். புதியதில் அந்தச் சுதந்திரம் இல்லை. 2015இல் அதன் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது. பின்னர் 2019இல் பல மொழி விக்கிப்பீடியர்களிடம் கருத்துக் கேட்டார்கள். பழைய பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு மறுமொழியின் ஓரத்திலும் பதில் எழுத ஒரு பொத்தானை மட்டும் சேர்த்தார்கள். முக்காற்புள்ளியை இப்போது கணிப்பொறியே இட்டுக்கொள்கிறது. இந்தச் சிறிய மாற்றம் நிலைத்துவிட்டது. பளபளப்பைக் கண்டு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கதையை ஒரு முறை படித்துவிட்டு வருவது நல்லது என்பது என் எண்ணம்.

பட்டறையும் பூட்டிய பானெட்டும்

திறந்த மூலம் என்றோமே, அது என்ன? நாமக்கல் லாரிப் பட்டறைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்த லாரி வந்தாலும் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள். வேண்டியபடி பாடியை மாற்றிக் கட்டுவார்கள். பானெட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை லாரி செய்த கம்பெனியே வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? வழியில் நின்றுவிட்டால் கம்பெனி ஆள் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். பல மென்பொருள்கள் அப்படித்தான் விற்கப்படுகின்றன. மனிதர் எழுதிய மூல நிரலை மறைத்துவிட்டு, இயந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவத்தைக் கொடுக்கிறார்கள்.

இதை மறுத்து 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். திறந்த மூலம் என்ற பெயர் 1998இல் வழக்குக்கு வந்தது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பல கணிப்பொறிகளில் பாஸ் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளமும் இருந்தது. வீட்டில் அக்காவின் பழைய கணிப்பொறி இருந்தால் தேடிப் பாருங்கள்.

திறந்த மூலத்தின் பயன் எப்போது தெரியும்? செய்தவர் கைவிடும்போது தெரியும். கமெண்டோ என்றொரு மறுமொழி மென்பொருள் இருந்தது. அதன் வளர்ச்சி தேங்கிவிட்டது. பூட்டிய பொருளாக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். மூல நிரல் திறந்திருந்ததால் வேறொருவர் அதை எடுத்து, செப்பனிட்டு, கொமென்டாரியோ என்ற பெயரில் தொடர்ந்தார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நிரல் திறந்திருப்பது வேறு. எழுதிய சொற்கள் நம் கையில் இருப்பது வேறு. கிஸ்கஸ் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிரல் முழுவதும் திறந்தது. ஆனால் மறுமொழிகளை அது கிட்ஹப் என்ற நிறுவனத்தின் தளத்தில் சேர்த்து வைக்கிறது. எழுத விரும்புபவர் அங்கே கணக்கு வைத்திருக்க வேண்டும். நிரல் எழுதுபவர்களுக்கு அது வசதி. ஏளூரில் கிணறு வைத்திருக்கும் பெரியவரிடம் போய், "தாத்தா, கிட்ஹப் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்க முடியுமா?

சொற்கள் எங்கே குடியிருக்கின்றன?

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உலகெங்கும் உள்ள தமிழர்கள் யாஹூ நிறுவனத்தின் குழுமங்களில் கூடிப் பேசினார்கள். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று பெயர்களே சுவையாக இருக்கும். இலக்கியமும் வரலாறும் சமையலும் சண்டையும் அங்கே நடந்தன. 2019இல் அந்த நிறுவனம் குழுமங்களில் சேர்ந்திருந்தவற்றை அழிக்கப் போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. முன்னெச்சரிக்கையாகப் படி எடுத்து வைத்திருந்தவர்களிடம் மட்டும் பழைய பேச்சு மிஞ்சியது. திண்ணை வாடகைத் திண்ணை; வீட்டுக்காரர் இடித்துவிட்டார்.

அழிவது ஒரு கவலை என்றால், கசிவது இன்னொரு கவலை. டிஸ்கஸ் என்பது 2007இல் தொடங்கிய, மிகப் பரவலான மறுமொழிச் சேவை. ஒரே ஒரு வரியைத் தளத்தில் ஒட்டினால் போதும், பெட்டி வந்துவிடும். அது திறந்த மூலம் அன்று. அதன் பயனர்கள் ஒரு கோடியே 75 லட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரி முதலிய விவரங்கள் 2012இல் திருடு போயின. விஷயம் வெளியில் தெரிந்தது 2017இல்! 2021 மே மாதத்தில் நார்வே நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், தகுந்த அனுமதியின்றி மக்களின் இணைய நடமாட்டத்தைப் பின்தொடர்ந்ததாகக் கூறி, அதற்கு 25 மில்லியன் குரோனர் அபராதம் விதிக்க எண்ணியிருப்பதாக அறிவித்தது.

நம் நாட்டிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கலாகாது என்றும் அது சொல்கிறது. பள்ளித் தளத்தில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் அந்த வயதினர்தாம். ஆகவே மறுமொழிப் பெட்டி எதைக் கேட்கிறது என்பதைவிட, எதைக் கேட்காமல் விடுகிறது என்று பார்ப்பதே முக்கியம்.

எட்டு எழுத்தா, நாற்பத்திரண்டா?

இனி நம் மொழிக்கே உரிய ஒரு சோதனை. 'புதுச்சத்திரம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பு, து, ச், ச, த், தி, ர, ம் என்று எட்டு. கணிப்பொறியைக் கேட்டால் 14 என்கும்! யூனிகோடு முறையில் உகரக் குறி தனி, இகரக் குறி தனி, புள்ளியும் தனி. 'பு' என்பது ப-வும் உகரக் குறியும். 'ம்' என்பது ம-வும் புள்ளியும். இவ்வாறு கூட்டினால் 14 குறியீடுகள். அவற்றை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் இடம் வேண்டும். 14ஐ 3ஆல் பெருக்கினால் 42 பைட். ஆங்கில எழுத்துக்கோ ஒரே ஒரு பைட்தான்.

இதனால் என்ன? மறுமொழிக்கு 300 பைட் எல்லை என்று நிரலாசிரியர் வைத்துவிட்டால், ஆங்கிலத்தில் எழுதுபவர் 300 எழுத்து எழுதலாம். தமிழில் எழுதுபவர் 100 குறியீட்டோடு நிற்க வேண்டும். எல்லையில் வெட்டும்போது இன்னொரு வேடிக்கை. 13 குறியீட்டில் வெட்டினால் கடைசிப் புள்ளி பறந்து 'புதுச்சத்திரம' என்று நிற்கும். 40 பைட்டில் வெட்டினால் புள்ளிக்குரிய மூன்று பைட்டில் ஒன்று மட்டும் மிஞ்சி, கேள்விக்குறி போட்ட ஒரு கறுப்புக் கட்டமாகத் தோன்றும்.

சிரிப்பு முகங்கள் செய்த குறும்பையும் சொல்லிவிடுகிறேன். மைஎஸ்கியூஎல் என்ற புகழ்பெற்ற திறந்த மூலத் தரவுத்தளத்தில் 'யூடிஎஃப்-8' என்று பெயரிட்ட வகை, ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டுக்கு மேல் இடம் தரவில்லை. தமிழ் மயிரிழையில் தப்பியது. சிரிப்பு முகத்துக்கு வேண்டியது 4 பைட். ஒருவர் நீளமாக எழுதி நடுவே ஒரு சிரிப்பு முகத்தை இட்டால், சில அமைப்புகளில் அதற்குப் பின் எழுதியவை அனைத்தும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோயின! 2010இல் 4 பைட் இடம் தரும் புது வகை அதில் சேர்ந்தது. வேர்ட்பிரஸ் மென்பொருள் 2015இல் அதற்கு மாறியது. ஆகவே எந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே ஒரு நீண்ட தமிழ் வரியை எழுதி, நடுவில் ஒரு சிரிப்பு முகத்தையும் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

சல்லடை

திண்ணை திறந்திருந்தால் நல்லவர்கள் மட்டுமா வருவார்கள்? பரிசு விழுந்திருக்கிறது, கடன் தருகிறோம் என்று குப்பை மறுமொழிகள் குவியும். இவற்றைச் சலிக்கும் ஒரு வழி நீங்கள் கணக்குப் பாடத்தில் படிக்கும் நிகழ்தகவுதான். 100 நல்ல மறுமொழிகளையும் 100 குப்பைகளையும் கணிப்பொறிக்குக் காட்டுகிறோம். 'பரிசு' என்ற சொல் குப்பைகளில் 80இலும், நல்லவற்றில் 5இலும் இருக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் அந்தச் சொல் உள்ள புதிய மறுமொழி குப்பையாக இருக்கும் வாய்ப்பு 80/85, அதாவது ஏறக்குறைய 94 விழுக்காடு. இவ்வாறு பல சொற்களின் வாய்ப்புகளைச் சேர்த்து முடிவு செய்கிறது சல்லடை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் பேய்ஸ் பெயரால் வழங்கும் தேற்றம் இதன் அடிப்படை.

தமிழில் இது சற்றுத் தடுமாறும். பரிசு, பரிசை, பரிசுக்கு, பரிசாக, பரிசும் என்று நாம் ஒட்டிக்கொண்டே போகிறோம் அல்லவா? வேற்றுமை உருபைப் பிரிக்கத் தெரியாத சல்லடைக்கு அவை ஐந்து வெவ்வேறு சொற்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்க நெடுங்காலம் ஆகும். நாளைக்குப் பத்து மறுமொழி வரும் சிறிய தளத்துக்கு அவ்வளவு பாடம் கிடைக்காது. அங்கே சிறந்த சல்லடை மனிதக் கண்தான். வந்ததை உடனே வெளியிடாமல் நிறுத்திவைத்து, ஆசிரியரோ மூத்த மாணவரோ பார்த்த பிறகு வெளியிடும் வசதி பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதை எடுப்பது?

டிஸ்கோர்ஸ் என்பது பெரிய, நல்ல திறந்த மூல உரையாடல் மென்பொருள். ஆனால் கிணற்று அளவு எழுதுவதற்கு அது, தேர் இழுக்க வேண்டிய வடத்தைக் கொண்டு வாளி இறைப்பது போல. ரிமார்க்42 சிறியது, தரவை நம் சர்வரிலேயே வைக்கிறது. நானாக இருந்தால் இஸ்ஸோவை எடுப்பேன். மார்ட்டின் சிம்மர்மன் என்பவர் பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கியது அது. 'இல்லாவிட்டால் கத்திவிடுவேன்' என்ற பொருள்படும் ஜெர்மன் தொடரின் சுருக்கமாம் அந்தப் பெயர்! எம்ஐடி என்ற தாராளமான உரிமத்தில் கிடைக்கிறது. கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. பெயரும் மின்னஞ்சலும் கொடுக்காமலே எழுதலாம். நிறுத்திவைத்துப் பார்க்கும் வசதி உண்டு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, அது மறுமொழிகளை எஸ்கியூலைட் வடிவத்தில் ஒரே ஒரு கோப்பாக வைத்திருப்பதுதான். அந்த வடிவம் நீண்ட காலச் சேமிப்புக்கு ஏற்றது என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பரிந்துரைத்துள்ளது. வெள்ளிக்கிழமை மாலை பள்ளி மணி அடித்ததும் ஒரு மாணவர் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் படி எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். நாளைக்கே இஸ்ஸோவை எல்லோரும் கைவிட்டாலும் 17, 58, 61 என்ற எண்களும் உப்புத் தண்ணீர்ச் செய்தியும் அந்த அலமாரியில் இருக்கும். குறை இல்லாமலில்லை. அதை நிறுவச் சர்வர் ஒன்று வேண்டும். நிறுவத் தெரிந்த ஒருவரும் வேண்டும். அவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகுமுன் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

செய்து பாருங்கள்

பள்ளிக் கணிப்பொறியில் வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றைத் திறந்து 'புதுச்சத்திரம்' என்று மட்டும் தட்டச்சு செய்து, யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். கோப்பின் அளவைப் பாருங்கள். 42 பைட் என்று காட்டும். 43 என்று காட்டினால், சொல்லுக்குப் பின் வரி முடிவுக் குறி ஒன்று சேர்ந்திருக்கிறது என்று பொருள். 45 என்று காட்டினாலும் கவலை வேண்டாம். சில மென்பொருள்கள் கோப்பின் தலையில் 3 பைட் அடையாளக் குறி ஒன்றை வைக்கும். பின்னர் உங்கள் ஊர்ப் பெயரை எழுதி, எத்தனை பைட் வரும் என்று முதலில் தாளில் கணக்கிட்டுவிட்டுச் சேமித்துப் பாருங்கள்.